பதிவுப் பெட்டி வாங்குவதா?

2025ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையிலே, நமது தோட்டத்து வாசிகசாலைச் சபையார் நம்மிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தனர். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்யும் பழைய மாணவர் சிலர் சேர்த்தனுப்பிய 38,000 ரூபாய் சபையின் கையிலே இருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் குறித்த நேரத்திலே தானாகவே பதிந்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது திருப்பிக் காட்டும் எண்முறைப் பதிவுப் பெட்டி ஒன்றை அப்பணத்திலே வாங்கலாமா, வாங்கினால் போட்ட காசுக்கு அது பெறுமா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

“சேர் படிச்சவரு, அவரே பாத்துச் சொல்லட்டும்” என்றார் சபைத் தலைவர்.

பல்கலைக்கழகத்திலே நாம் படித்தது தமிழ். நன்னூற் சூத்திரத்துக்கும் பதிவுப் பெட்டிக்கும் யாதொரு உறவும் இல்லை. ஆயினும் தோட்டத்திலே பட்டம் பெற்றவன் ஒருவன் இருப்பானாயின், மின்குமிழ் எரியாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆதலால் ஒப்புக்கொண்டோம்.

38,000 ரூபாய் நகரத்து வாசகருக்குச் சிறு தொகையாகத் தோன்றக்கூடும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சிலே 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரிலே 1,350 ரூபாயாயிற்று. அந்தக் கணக்கிலே கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி மாதத்திலே 25 நாளும் அரைப்பேர் விழாமல் மலையேறினாலும் அவள் பேரிலே எழுதப்படுவது 33,750 ரூபாய். அதிலும் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கடன் என்று கழிந்த மிச்சமே கைக்கு வரும். ஆகவே நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது ஒரு பெண்ணின் ஒரு மாத உழைப்பைக் காட்டிலும் பெரிய தொகையைப் பற்றி.

உண்மையைச் சொன்னால், விசாரணை தொடங்கு முன்னரே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டோம். ‘வேண்டாம்’ என்பதே அது. அழுகைத் தொடர்களும் கிரிக்கெட் ஆட்டங்களும் ஒளிபரப்பாகிற நேரத்திலே பார்ப்பது போதாதென்று, பதிந்து வைத்து வேறு பார்க்க வேண்டுமா? வாசிகசாலை என்பது வாசிப்பதற்கல்லவா? இப்படியெல்லாம் மனத்திலே வாதம் எழுந்தது. ஒன்றுக்காக மட்டும் சம்மதிக்கலாம் என்று தோன்றிற்று, அது பாடம். அப்படித் தோன்றியதற்கு ஒரு பழைய கடன் காரணம்.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியதால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ‘குரு கெதர’ என்ற பெயரிலே கல்வி அமைச்சின் பாடங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையிலே வந்தன. நாம் நேர அட்டவணையைப் பிரதி செய்து, லயம் லயமாக நடந்து, நமது சாதாரண தர வகுப்பு மாணவருக்குக் கொடுத்து வந்தோம். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஆசிரியர் கடமையை முழுவதும் செய்துவிட்ட நிறைவுகூட நமக்கு இருந்தது.

மேல் லயத்திலே ஒரு மாணவி, கணிதத்திலே கெட்டிக்காரி. மூன்று வாரம் கழித்து அவள் பயிற்சிக் கொப்பியைப் பார்த்தபோது அது வெறுமையாக இருந்தது. கடிந்துகொண்டோம். அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“சேர், அந்த நேரம் எங்களுக்கு இல்ல சேர்.”

தாய் மலைக்குப் போய்விடுவாள். பிள்ளைமடுவம் மூடிக்கிடந்தது; ஒன்றரை வயதுத் தம்பி இவளுடைய இடுப்பிலே. வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. அடுத்த காம்பராவிலே இருந்தது. ஆனால் அங்கே இருமிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் இருந்தமையால், நோய்க்குப் பயந்து எவரும் உள்ளே போவதில்லை. மாலையிலே தாய் வந்து தம்பியை வாங்கிக்கொள்ளும்போது பாடம் காற்றோடு போயிருக்கும். பின்னர் அப்பாடங்கள் இணையத்திலும் கிடைத்தன. இணையம் கைத்தொலைபேசியிலே, கைத்தொலைபேசி தாயின் இடுப்புச் சுருக்குப் பையிலே, தாய் மலையிலே. பாடசாலை மீண்டும் திறந்தபோது அவள் வரவில்லை. கொழும்பிலே ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

அந்தப் பிள்ளையின் சொல்லை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறோம். ‘எனக்கு விருப்பமில்லை’, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று அவள் சொல்லவில்லை. அந்த நேரம் தனக்குச் சொந்தமில்லை என்றாள். அட்டவணையைச் சுமந்து திரிந்த நாம், அதிலே எழுதியிருக்கும் மணி யாருடைய மணி என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை.

ஆகவே ‘பாடத்துக்கென்றால் வாங்கலாம்; பொழுதுபோக்குக்கென்றால் வேண்டாம்’ என்ற தீர்மானத்தோடு சபை அங்கத்தவர் சிலரைக் கண்டு பேசப் போனோம்.

முதலாமவர் தொழிற்சாலையிலே உருட்டும் இயந்திரத்தில் நிற்பவர். தேயிலை செய்யும் முறை அறியாதவருக்கு ஒரு வார்த்தை: பகலிலே பறித்த கொழுந்தைத் தட்டிலே பரப்பிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாட்டவேண்டும். வாடியபின் அது மனிதனுக்காகக் காத்திராது. ஆகையினாலே உலகம் உறங்கும் நேரத்திலே உருட்டும் வேலை தொடங்குகிறது. அவர் விடியற்காலத்திலே வேலை முடிந்து, உலகம் விழிக்கும்போது உறங்கப் போகிறார். இரவுச் செய்தியை அவர் பார்த்துப் பல வருடங்களாகின்றனவாம். பாடத்துக்கென்றால் நாம் சம்மதிப்போம் என்று சொன்னோம். சிரித்தார்.

“சேர் பாடத்தப் பத்திச் சொல்றீங்க. நான் மெச்சப் பத்திச் சொல்றேன். ஆட்டம் முடிஞ்சு யாரு ஜெயிச்சான்னு தெரிஞ்ச பொறகு எனக்கு அதுல என்ன இருக்கு? யாரும் சொல்லாம, காலையில ஒக்காந்து, மொத பந்துலேருந்து பாக்கணும். அது தப்பாங்க?”

நம்மிடம் பதில் இல்லை.

அடுத்துக் கண்டது நாற்பத்தைந்து வயதான ஒரு தாய். மாலை ஐந்து மணிக்கு வீடு வந்து, விறகு, தண்ணீர், அடுப்பு என்று தொடங்குகிறவள். இரவுத் தொடர் ஓடும்போது அவள் இருப்பது அடுப்படியிலே. சுவருக்கு அப்பாலிருந்து வரும் குரலை வைத்துக்கொண்டே கதையைப் பின்தொடர்கிறாள். யார் யாருடைய மருமகள், யார் சொத்தை யார் பறித்தார் என்பதெல்லாம் மனப்பாடம். “நான் படம் பாக்கிறதில்ல சேர், கேக்கிறது” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

முற்போக்கு எழுத்தை வாசிக்கும் நமக்கு ஒரு வியாதி உண்டு. தொழிலாளியின் உழைப்பைப் போற்றுவோம். அவனுடைய ஓய்வை மட்டும் நாமே சோதனை போட்டு, இது நல்ல ஓய்வு, இது கெட்ட ஓய்வு என்று முத்திரை குத்துவோம். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தம் விருப்பம் என்று 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர் கேட்டபோது, அந்த மூன்றாவது எட்டிலே என்ன செய்வாய் என்று எவனும் அவர்களை விசாரிக்க உரிமை பெற்றிருக்கவில்லை. மார்க்ஸின் மருமகனான பால் லஃபார்க் 1880இலே சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துச் சுவைத்த நாமே உருட்டுத் தொழிலாளியின் கிரிக்கெட்டுக்குத் தடையுத்தரவு எழுதியிருந்தோம்! தீர்ப்பைக் கிழித்துப்போட்டு, விசாரணையைப் புதிதாகத் தொடங்கினோம்.

நேரத்தைப் பறிகொடுத்த வரலாறு மலையகத்துக்குப் புதிதன்று. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இலே எழுதிய பெயர்பெற்ற கட்டுரையொன்றிலே, கடிகாரம் எவ்வாறு தொழிலாளியை அடக்கும் கருவியாயிற்று என்று காட்டினார். நம் முன்னோர்க்குக் கடிகாரமும் இல்லை. இருட்டிலே தப்பு ஒலிக்கும், எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டும். பின்னர் தொழிற்சாலைச் சங்கு வந்தது. எழுவது, நிறுவைக்கு வரிசையில் நிற்பது, கூடையை இறக்குவது யாவும் பிறர் வகுத்த பொழுதிலே. தொலைக்காட்சியும் இவ்வாறே வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியபோது, அதன் பிரதான ஒளிபரப்பு நிலையம் இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உச்சியிலே, 2,524 மீற்றர் உயரத்திலே நின்றது. நாடெங்கும் படம் காட்டும் கோபுரம் நம் மாவட்டத்து மலையிலேதான். அதன் காலடியிலே, முகடுகளின் மறைவிலே கிடக்கும் லயங்களிலே படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் இது வேறு கதை.

நேரத்தைத் திருப்பிப் பெற மனிதர் செய்த முயற்சிக்கும் வயதுண்டு. 1970களின் நடுவிலே வீட்டுக்கான ஒளிநாடாப் பதிவுக் கருவிகள் யப்பானிலிருந்து வந்தன. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டிலே பதிந்து பிறகு பார்ப்பது திருட்டு என்று அமெரிக்கப் படக் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரியிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில், நேரத்தை மாற்றிப் பார்ப்பது குற்றமன்று எனத் தீர்த்தது. தொழிலாளி தன் ஓய்வு நேரத்தைத் தானே தெரிந்துகொள்வதற்கு எத்தனை பெரிய நீதிமன்றம் வேண்டியிருந்தது பாருங்கள்! நாடாவுக்குப் பதிலாக வன்தட்டிலே பதியும் பெட்டிகள் 1999இலே அமெரிக்கச் சந்தைக்கு வந்தன.

மலையகத்துக்கு வந்தது நாடாக் கருவி, ‘டெக்’ என்போம். அதிலே எவரும் எதையும் பதிந்ததில்லை. வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, டவுனிலிருந்து டெக்கையும் பெட்டியையும் வாடகைக்கு எடுத்துவந்து, திருவிழா நாளிலே விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். நமது சிறுபிராயத்திலே அந்த வழக்கத்தின் கடைசிக் காலத்தைப் பார்த்திருக்கிறோம். மூன்றாவது படம் முடியும்போது பெரட்டுக்கு நேரமாகியிருக்கும். அப்படியொரு டெக் பழுதாகி, வாசிகசாலையின் அலுமாரி அடியிலே தூசி படிந்து கிடந்தது. அதைப் பற்றிப் பின்னர்.

ஹற்றன் நகரத்திலே மின்சாதனக் கடையொன்றுக்குப் போய், “டி.வி.ஆர். இருக்கிறதா?” என்று கேட்டோம். கடைக்காரர் உற்சாகமாக ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையிலே வைத்தார்.

“எத்தன கமரா சேர்? நாலா, எட்டா? பங்களாவுக்கா, மடுவத்துக்கா?”

அவர் காட்டியது காவற் கமராக்கள் பிடிக்கும் படத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டி. நம் ஊர்க் கடைகளிலே அப்பெயருக்கு அதுவே பொருளாகிவிட்டதாம். தொலைக்காட்சியைப் பதிவதற்கு என்றதும், “அப்பிடி யாரும் கேக்கிறதில்லையே” என்று அவர் வியந்தார். உள்ளிருக்கும் வன்தட்டு ஒன்றே, தத்துவமும் ஒன்றே. தொழிலாளியைப் பதிந்து வைத்துத் துரை பார்ப்பதற்குக் கடையிலே மூன்று வகை இருந்தன. தொழிலாளி பதிந்து வைத்துத் தான் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பிறகு கட்டணத் தொலைக்காட்சி விற்கும் ஒரு முகவரைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். பதியும் வசதியுள்ள பெட்டியை அவர் தருவார். பெட்டிக்கு ஒரு விலை, மாதந்தோறும் சந்தா. வன்தட்டு 500 ஜிகாபைற். சாதாரணத் தரப் படம் மணிக்கு ஏறத்தாழ இரண்டு ஜிகாபைற் பிடிக்குமென்றால் 250 மணித்தியாலம் அடங்கும். போதும், போதும் என்று மனம் துள்ளிற்று. எழுந்து வரும்போது ஏதோ நினைவிலே கேட்டோம்:

“ஒரு மாதம் சந்தா கட்டத் தவறினால் பதிந்து வைத்தது என்ன ஆகும்?”

“உள்ளதான் இருக்கும் சேர். ஆனா பாக்க ஏலாது.”

“வேறொரு பெட்டியில், கணினியில் போட்டுப் பார்க்கலாமா?”

“ஏலாது சேர். பூட்டித்தானே இருக்கு. அந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் தெறக்கும்.”

திரும்பி வரும் பஸ்ஸிலே இதையே நினைத்துக்கொண்டு வந்தோம். பெட்டிக்கு விலை கொடுப்பது நாம், மின்சாரம் நம்முடையது, பதிவதற்கென்று தெரிந்தெடுப்பதும் நாம். ஆனால் பதிவு நம்முடையதன்று. இந்த ஏற்பாட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிற்று. வேறெங்கே? நாம் பிறந்த காம்பராவிலேதான். நம் பாட்டன் அடுப்புக் கட்டி, நம் தந்தை தரைக்குச் சாணம் மெழுகிச் சீமெந்தும் போட்டு, மூன்று தலைமுறை பிறந்தும் இறந்தும் வாழ்ந்த அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, செக்ரோலிலே பேர் உள்ளவரைக்கும்தான். பேர் வெட்டுப்பட்டால் கதவு அங்கேதான் இருக்கும், திறக்க முடியாது. வீட்டுக்கு உறுதி வேண்டும், நிலத்துக்கு உறுதி வேண்டும் என்று மேடைதோறும் பேசிவரும் நாம், ஓய்வு நேரத்தையும் கொண்டுபோய் உறுதியில்லாத காம்பரா ஒன்றிலே குடிவைப்பதா?

மின்சாரக் கணக்கு இன்னொன்று. பதிவுப் பெட்டி இரவு பகல் விழித்திருக்க வேண்டும். 15 வோற் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.36 அலகு, மாதத்துக்கு 10.8 அலகு. மின்சாரப் பட்டியலின் அடிப்படி 30 அலகு. குமிழ் இரண்டும் தொலைக்காட்சியும் வைத்துக்கொண்டு அந்த 30ஐத் தாண்டாமல் காலந்தள்ளும் வீட்டிலே, மூன்றிலொரு பங்கை ஒரு பெட்டி விழுங்கிவிடும். மின்சாரமே இல்லாதபோது அது குருடு. 2022 மார்ச் இறுதியிலே நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அந்நாளிலே இப்பெட்டி நம்மிடம் இருந்திருந்தால் பாதி நாளைத்தான் அது நமக்காகப் பார்த்திருக்கும்.

இவ்வளவையும் சபையிலே சொன்னோம். ‘வேண்டாம்’ என்ற பழைய முடிவுக்கே திரும்பிவிட்டோம் என்று சிலர் நினைத்தார்கள். உருட்டுத் தொழிலாளி எழுந்து, “அப்ப எங்களுக்கு ஒண்ணுமில்லேன்னு சொல்ல வந்தீங்களா சேர்?” என்று நேராகவே கேட்டார். கேள்வி சுட்டது. பெட்டி வேண்டாம், ஆனால் பதிவு வேண்டும் என்றோம். எப்படி என்று கேட்டார்கள். அதற்கு நம்மிடம் வழி இருக்கவில்லை.

வழி சொன்னவன் நமது பழைய மாணவன் ஒருவன். நம்மிடம் தமிழிலே தேறாதவன், டவுனிலே கணினி திருத்துபவன். அலுமாரியடி டெக்கை வெளியே இழுத்தான். நாடா சுழற்றும் பகுதிதான் அதிலே செத்திருந்தது. அன்டெனாவிலிருந்து அலைவரிசையைப் பிடிக்கும் பகுதி உயிரோடு இருந்தது. டெக்கின் பின்புறத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து படத்தையும் ஒலியையும் வாங்கிக் கணினிக்குள்ளே அனுப்பும் விரல் நீளக் கருவியொன்று விற்பனைக்கு உண்டாம். அதற்கு இரண்டு நாட்சம்பளம்கூட ஆகாது. வாசிகசாலைக் கணினி பழையதுதான், ஆனாலும் போதும். சேர்த்து வைக்கப் பாவித்த வன்தட்டு ஒன்று வாங்கினோம். எல்லாமாகப் பதினாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மிச்சத்திலே வாசிகசாலைக் கூரைக்குத் தகரம் போட்டோம்; அதுவும் நீண்டநாள் வழக்கு.

இதிலே குறை இல்லாமலில்லை. குறித்த நேரத்துக்கு ஒருவர் போய்க் கணினியை இயக்க வேண்டும்; முறை வைத்து இளைஞர் செய்கிறார்கள், சில நாள் மறந்தும் போகிறார்கள். படம் கண்ணாடிபோலத் தெளிவாக இராது. அன்டெனாவிலே வரும் உள்ளூர் அலைவரிசைகளை மட்டுமே பிடிக்கும். ஆயினும் பதிந்தது நம்முடைய தட்டிலே இருக்கிறது. சந்தா கட்டத் தவறினால் பூட்டிக்கொள்ளாது. சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் பாட நிகழ்ச்சிகளைப் பிரதி எடுத்துப் போகிறார்கள். துணிக்கடைக்குப் போன பிள்ளைக்கு இதனாலே ஆவது ஒன்றுமில்லை.

முதல் வாரம் கிரிக்கெட் ஆட்டமொன்று பதியப்பட்டது. மறுநாட் காலை வேலை முடிந்து வந்தவருக்கு முடிவைச் சொல்லிவிடக் கூடாதென்று லயம் முழுவதும் வாய்பொத்தி நின்றது. சிறுவர்களைக்கூட அவர் கண்ணிலே படாமல் அடக்கி வைத்தார்கள். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து, முதற் பந்திலிருந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலே பெண்கள் வந்தார்கள். அடுப்படியிலிருந்து தொடர் கேட்கும் அந்தத் தாயும் வந்திருந்தாள். வாரத்திலே பதிந்த ஐந்து நாட் கதையையும் போட்டோம். கதையிலே மாமியார் தோன்றிப் பேசத் தொடங்கியதும் அவள் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவளா அது? கொரலக் கேட்டு வயசானவன்னுல்ல நெனச்சேன்! இவ்வளவு சின்னப் புள்ளையா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்றாம் நாட் கதை நடுவிலே சட்டென்று எழுந்து, வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றாள்.

“கொஞ்சம் நிறுத்துங்க சேர். ஒல வச்சிட்டு வந்திர்றேன்.”

நிறுத்தினோம்.